ஜேம்ஸ் கிளீவ்லண்ட்: பாடகரா, பாஸ்டரா, கொயர் கட்டின ஆளா?

சுருதிப்பெட்டி

பாடகி அரீதா ஃபிராங்க்ளின் சர்ச்சுக்குள்ளே இரண்டு இரவு பாடிப் பதிவு செய்த ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பக்கத்தில் பியானோவில் உட்கார்ந்து இரண்டு இரவும் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போன அந்தப் பருத்த மனிதரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவர்தான் ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் கொயர், அதாவது சேர்ந்து பாடும் சபைப் பாடகர் குழு, இன்றைக்குப் பாடுகிற விதத்தில் பெரும்பங்கு அவர் போட்டுக்கொடுத்த வழி. அதற்காகவே இந்த இழை.

முதலில் ஆளைப் பற்றி. 1931 டிசம்பர் 5, சிகாகோவில் பிறந்தார். நாடே வேலையில்லாமல் தவித்த காலம், வீட்டிலும் கஷ்டம்தான். பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போன இடம் பில்கிரிம் பாப்டிஸ்ட் சர்ச். அங்கே இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் தாமஸ் டார்சி. அவரைத் தெரியாதவர்களுக்கு: ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர், 1932-ல் பிரசவத்தில் மனைவி போய், பிறந்த குழந்தையும் போய், அந்தத் துக்கத்தில் எழுதின ஒரு பாட்டால் உலகம் முழுக்க அறியப்பட்டவர். காஸ்பெல் இசையின், அதாவது கறுப்பினச் சபைகளின் பக்திப்பாட்டு மரபின், தந்தை என்று சொல்வது அவரைத்தான். அவர் கண்ணெதிரே வளர்ந்த இந்தப் பையன் எட்டு வயதிலேயே சபைக்கு முன்னால் தனியாக நின்று பாடினான்.

பியானோ வாங்க வசதி இல்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த பள்ளம் மேடுகளையே கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டையாக வைத்துக்கொண்டு ராத்திரியில் விரல் ஓட்டிப் பழகினதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பேப்பர் போடும் வேலையும் பார்த்தார். அவர் பேப்பர் போட்ட வீடுகளில் ஒன்று காஸ்பெல் பாடகி மஹேலியா ஜாக்சனுடையது.

சின்ன வயதில் நல்ல உச்சக்குரல். குரல் உடைகிற வயதில் அதை மதிக்காமல் எட்டாத ஸ்தாயிக்கு எட்டி எட்டிப் பாடினதில் தொண்டை போயிற்று, கரகரப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் மனிதர் ‘காஸ்பெலின் ராஜா’ என்று பேர் வாங்கினார்.

என் கட்சி இதுதான்: கிளீவ்லண்ட் பெரிய பாடகர் கிடையாது. சாதாரண சபை மக்களைப் பாட வைப்பதில் அவருக்கு இணை யாரும் கிடையாது. மறுப்பவர்கள் வரலாம்.

பழைய_ரெக்கார்ட்

மறுக்கத்தான் வந்தேன். “பெரிய பாடகர் கிடையாது” என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி நண்பரே? கரகரப்பு என்பது குறை என்று யார் சொன்னது? அந்தச் சபைகளில் நல்ல பிரசங்கியின் குரலே அப்படித்தான், பேச ஆரம்பித்து, சூடேறி, பேச்சே ராகமாகி, கடைசியில் மூச்சுக்கு மூச்சு ஒரு உறுமல் வரும். கிளீவ்லண்ட் அந்த உறுமலைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். சுத்தமான குரலில் அதே பாட்டைப் பாடியிருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் நீங்கள் ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். பில்கிரிம் சர்ச்சிலிருந்து நேராக ராஜா பட்டத்துக்கு வரவில்லை அவர். ராபர்ட்டா மார்ட்டின் என்ற அம்மாள் அவருக்குப் பியானோவில் ஆதர்சம், டார்சியை விடவும் என்று சொல்வேன். பதின்ம வயது தாண்டின உடனே கிளீவ்லண்ட் எழுதின பாட்டுகளை வாங்கித் தன் குழுவைக்கொண்டு பாட வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு ஆல்பர்ட்டினா வாக்கரின் கேரவன்ஸ் குழு. அங்கே பியானோ வாசித்தார், பாட்டுக்கு ஏற்பாடு செய்தார், பாடினார், நடுவே பேசவும் செய்தார். அந்தக் குழு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி, ஷெர்லி சீசர், ஐனஸ் ஆண்ட்ரூஸ், டோரதி நார்வுட் எல்லாரும் அதன் வழியாக வந்தவர்கள். கிளீவ்லண்ட் அங்கே நிலையாக இருக்கவில்லை, வருவார் போவார், சண்டை போடுவார், திரும்ப வருவார்.

சுருதிப்பெட்டி

உறுமல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உறுமல் தனியாக நின்றால் எத்தனை நிமிஷம் கேட்பீர்கள்? பின்னால் சோப்ரானோக்கள் (உச்சக்குரல் பெண்கள்) நெய் மாதிரி ஒரு ஒலியைப் பரப்பி வைத்திருப்பதால்தான் இவருடைய சொரசொரப்பு எடுபடுகிறது. அவருக்கும் அது தெரியும்.

டெட்ராய்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் அங்கே அரீதாவின் அப்பா சி. எல். ஃபிராங்க்ளினின் நியூ பெத்தெல் பாப்டிஸ்ட் சர்ச்சில் கொஞ்ச காலம் இசைப் பொறுப்பு. அரீதா அப்போது சின்னப் பெண், இவர் பியானோவைப் பார்த்துப் பார்த்துக் கற்றவள். அதே ஊரில் வாய்ஸஸ் ஆஃப் டேபர்னக்கிள் என்ற கொயரோடு 1960 வாக்கில் போட்ட பதிவுதான் அவரை ஊரறியச் செய்தது. அதுவரை காஸ்பெல் ரெக்கார்ட் என்றால் பெரும்பாலும் நாலைந்து பேர் குழு, இல்லாவிட்டால் தனிப்பாடகர். முழுக் கொயரை ரெக்கார்டில் போட்டால் விற்கும் என்று காட்டினவர்களில் முக்கியமானவர் இவர். சேவாய் ரெக்கார்ட்ஸ் கம்பெனி அதைப் பார்த்துத்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

கொயர்_ஆல்ட்டோ

நான் கொயரில் ஆல்ட்டோ பாடுகிறவள், அதனால் உள்ளே இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் பழகினது நாலு பாகம்: பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ், எல்லாம் தாளில் அச்சடித்திருக்கும். காஸ்பெல் கொயரில் பொதுவாக மூன்றுதான். ஆண்கள் எல்லாரும் டெனர், அதுவும் தொண்டை கிழிகிற உயரத்தில். கீழ்ஸ்தாயியை ஹேமண்ட் ஆர்கனின் கால்கட்டைகளும் பேஸ் கித்தாரும் பார்த்துக்கொள்ளும். தாள் கிடையாது, டைரக்டர் ஒவ்வொரு பாகத்துக்கும் பாடிக் காட்டுவார், திரும்பப் பாட வேண்டும், மனதில் நிற்கிற வரை. நோட்டு வாசிக்கத் தெரியாதவர்களும் கொயரில் நிற்கலாம் என்பதுதான் இதில் விசேஷம். பகலில் பாத்திரம் கழுவுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், பள்ளி ஆசிரியை எல்லாரும் சாயங்காலம் வந்து ஒரே வரிசையில் நிற்கலாம்.

அப்புறம் ‘வேம்ப்’ என்று ஒன்று. பாட்டின் சரணம் பல்லவி எல்லாம் முடிந்தபின் இரண்டு மூன்று வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கொயர் திரும்பத் திரும்பப் பாடும், முன்னால் நிற்கிறவர் அதன்மேல் தோன்றியதைப் பாடுவார், பேசுவார், சாட்சி சொல்வார். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறும். சோப்ரானோ மட்டும், பிறகு ஆல்ட்டோ சேரும், பிறகு டெனர், பிறகு முழுப் பாட்டும் அரைக் கட்டை ஏறும். டைரக்டர் விரலைக் காட்டுவார், கையை மடக்குவார், அதற்குள் எழுபது பேரும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கிளீவ்லண்ட் இதில் மன்னன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சபையின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் ஸ்டூடியோவை விட சர்ச்சுக்குள்ளே நேரடியாகப் பதிவு செய்தவைதான் அவருடைய நல்ல ரெக்கார்டுகள்.

கிளீவ்லண்டின் ‘பீஸ் பி ஸ்டில்’ கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பழைய ஞானப்பாட்டுதான், மாற்கு 4-ஆம் அதிகாரம், படகில் இயேசு தூங்க, புயல் அடிக்க, சீஷர்கள் எழுப்ப, “இரையாதே, அமைதலாயிரு” என்று கடலை அதட்டுகிற இடம். புயலைப் பற்றிப் பாடும்போது கொயர் பொங்குகிறது. அந்த அதட்டல் வருகிற இடத்தில், நீங்களோ நானோ ஏற்பாடு செய்திருந்தால் உச்சத்துக்குக் கொண்டுபோயிருப்போம், இவர்கள் சட்டென்று கிசுகிசுப்புக்கு இறங்குகிறார்கள். அத்தனை பேர் ஒரே மூச்சில் சத்தத்தைக் குறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொயரில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உரக்கப் பாடுவது யாருக்கும் வரும்.

சந்தேகன்

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போகிறேன்.

‘பீஸ் பி ஸ்டில்’ யாருடைய ரெக்கார்ட்? அட்டையில் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பெரிதாக. பாடினது நியூ ஜெர்சி நட்லியில் இருந்த ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சின் ஏஞ்சலிக் கொயர். அந்தக் கொயரை உருவாக்கி வளர்த்தது அந்தச் சபையின் பாஸ்டர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். கிளீவ்லண்ட் விருந்தாளி. இன்றைக்கு யாருக்கு ராபர்ட்ஸ் பெயர் தெரியும்?

சேவாய் ஏன் சர்ச்சில் பதிவு செய்தது, ஆவி இறங்கும் என்றா? ஸ்டூடியோ வாடகை கிடையாது, கொயர் தன்னார்வலர்கள், கைதட்டுகிற ஜனமும் இலவசம். முதலாளி ஹெர்மன் லுபின்ஸ்கி காசு விஷயத்தில் எப்பேர்ப்பட்டவர் என்று அவரிடம் வேலை பார்த்த ஜாஸ் கலைஞர்களே கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ரெக்கார்ட் வருஷக்கணக்கில் விற்றது. அதில் பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கும் பஸ் ஓட்டுகிற ஐயாவுக்கும் ராயல்டி போயிருக்கும் என்று நம்புகிறீர்களா?

பழைய_ரெக்கார்ட்

ராபர்ட்ஸ் பெயர் இந்த இழையில் வந்தது நல்லது. அது நியாயமான குறைதான், லுபின்ஸ்கிக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கொயரில் நின்றவர்களிடம் போய்க் கேட்டால் முதலில் ராயல்டியைச் சொல்வார்களா, அந்த ராத்திரியைச் சொல்வார்களா என்று யோசித்துப் பாருங்கள். பதிவு நடந்த தேதி 1963 செப்டம்பர் 19. அதற்கு நாலு நாள் முன்னால், 15-ஆம் தேதி ஞாயிறு காலை, அலபாமாவில் பர்மிங்ஹாம் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். நாடு முழுக்க ஒவ்வொரு கறுப்பினச் சபையிலும் அதுதான் பேச்சு. நட்லி சர்ச் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால் நியூவார்க்கில் வேறொரு சர்ச்சில் கூடினார்கள். வியாழக்கிழமை ராத்திரி, சர்ச்சுக்குள்ளே, புயலை அடக்கச் சொல்கிற பாட்டு. ரெக்கார்டில் குண்டு வெடிப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கிசுகிசுப்பு வேறு மாதிரி இருக்கும்.

சந்தேகன்

நான் அந்த ராத்திரியைக் குறை சொல்லவே இல்லை. ராத்திரி அவர்களுடையது, ரெக்கார்ட் வேறொருவருடையது என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

ஞாயிறு_பத்துமணி

யாரும் இன்னும் ஊழியத்தைப் பற்றிப் பேசவில்லையே. தலைப்பில் பாஸ்டர் என்று போட்டுவிட்டு ரெக்கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கறுப்பினச் சபைகளில் இசைக்கென்று பொறுப்பாக நியமிக்கப்படுகிறவர் வேறு, பாஸ்டர் வேறு. கிளீவ்லண்ட் முதலில் வெகுகாலம் முன்னது. அறுபதுகளில்தான் குருத்துவ அபிஷேகம். 1970-ல் லாஸ் ஏஞ்சலஸில் கார்னர்ஸ்டோன் இன்ஸ்டிடியூஷனல் பாப்டிஸ்ட் சர்ச்சை அவரே தொடங்கினார். விரல்விட்டு எண்ணும்படி ஆரம்பித்த சபை அவர் காலத்திலேயே ஆயிரக்கணக்கில் பெருகிற்று. கடைசி வரை அதுதான் அவர் வீடு. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிற பாடகர் ஒருவர் வாராவாரம் பிரசங்கமும் தயார் செய்து, வியாதிக்காரரைப் பார்த்து, கல்யாணம் அடக்கம் எல்லாம் நடத்துவது என்பது லேசுப்பட்ட காரியமா? அதிலே எது முதலில், எது இரண்டாவது என்ற இழுபறி தினமும் இருந்திருக்கும்.

இந்த இழுபறி இவருக்கு மட்டும் இல்லை. அல் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். காதல் பாட்டில் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், 1974-ல் வீட்டிலேயே ஒரு கோரம் நடந்தது, அவருடைய தோழி கொதிக்கிற கஞ்சியை அவர்மேல் ஊற்றிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1976-ல் மெம்ஃபிஸில் ஃபுல் காஸ்பெல் டேபர்னக்கிள் சர்ச்சை வாங்கி பாஸ்டர் ஆனார். அப்போதும் பழைய பாட்டை விடவில்லை, 1979-ல் சின்சினாட்டியில் மேடையிலிருந்து விழுந்தபின்தான் இது கடவுளின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு வெகுவருஷம் காஸ்பெல் மட்டும். பிறகு மறுபடி இரண்டும்.

ஷெர்லி சீசருக்கு அப்படிப்பட்ட தத்தளிப்பே கிடையாது. கேரவன்ஸில் 1958-லிருந்து எட்டு வருஷம், பிறகு தனியாக, ராலியில் சபைக்கு பாஸ்டர், நடுவே டர்ஹம் நகர சபையில் உறுப்பினர் பதவி வேறு. காஸ்பெலை விட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மூன்று பேரில் ஊழியக்காரர் என்று முழுமனதாகச் சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன்.

கொயர்_ஆல்ட்டோ

ஆண்ட்ரே குரோச்சை விட்டுவிட்டீர்களே அண்ணா! அப்பா பாஸ்டர். சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா பிரசங்கத்துக்குப் போன ஒரு சின்ன சர்ச்சில் பியானோ வாசிக்க ஆள் இல்லை, அப்பா இவனைக் கூப்பிட்டு, கடவுள் வரம் கொடுத்தால் வாசிப்பாயா என்று கேட்டு ஜெபம் செய்து உட்கார வைத்தார் என்பது எல்லாரும் சொல்கிற கதை. பதினாலு பதினைந்து வயதில் எழுதின பாட்டை உலகம் முழுக்க இன்றைக்கும் பாடுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதே கஷ்டமான ஆள், பாட்டு எழுதும்போது படம் வரைந்து வைத்துக்கொள்வாராம். மைக்கேல் ஜாக்சன், மடோனா பாட்டுகளுக்கெல்லாம் கொயர் ஏற்பாடு செய்தவர். தொண்ணூறுகளில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் அடுத்தடுத்துப் போனபின் 1995-ல் அப்பாவின் சபைக்கே பாஸ்டர் ஆனார். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது: அவர்களுடைய சபைப் பிரிவில் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கிடையாது, இவர் 1998-ல் தன் இரட்டைச் சகோதரி சாண்ட்ராவுக்கு அபிஷேகம் செய்துவைத்தார். மேலிடம் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்கிற தோரணை. 2015-ல் அவர் இறந்தபின் சபையை நடத்தினதும் சாண்ட்ராதான்.

சந்தேகன்

எல்லாம் சரி, ஒரு இரட்டை வேஷம் யார் கண்ணிலும் படவில்லையா?

பாடகர் சாம் குக் 1957-ல் சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பெல் குழுவை விட்டு பாப் பாட்டுக்குப் போனபோது சபை ஜனம் அவரைத் துரோகி மாதிரி நடத்தியது. பழைய கச்சேரி மேடைக்கே திரும்பி வந்தபோது அவமானப்படுத்தி அனுப்பினார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கிளீவ்லண்ட் 1974-க்கான கிராமி வாங்கின ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே எல்விஸ் பிரெஸ்லி ஹிட்டாக்கின பாட்டு. கிளாடிஸ் நைட்டின் காதல் பாட்டு ஒன்று 1974-ல் ரேடியோவில் ஓயாமல் ஓடியது, அடுத்த வருஷமே இவர் அதில் ‘நீ’ இருந்த இடத்தில் ‘இயேசு’வைப் போட்டு சார்ல்ஸ் ஃபோல்ட் சிங்கர்ஸோடு ஒரு ரெக்கார்ட். பெரிய ஹிட். இங்கிருந்து அங்கே போனால் பாவம், அங்கிருந்து இங்கே எடுத்துவந்தால் ஊழியமா?

ஞாயிறு_பத்துமணி

சகோ, இதில் இரட்டை வேஷம் எங்கே? டார்சி என்ன செய்தார்? ப்ளூஸ் மெட்டைத்தானே சர்ச்சுக்குள் கொண்டுவந்தார், அதற்காக முப்பதுகளில் சிகாகோவிலேயே பல சபைகள் அவரை வாசலோடு அனுப்பின. முதலில் விரட்டுவது, பிறகு அதையே மரபு என்பது, அடுத்த தலைமுறை வேறொன்றைக் கொண்டுவந்தால் மறுபடி விரட்டுவது, காஸ்பெலின் சரித்திரமே இதுதான். நம் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் பலபேருக்குத் தூக்கம் போய்விடும்.

தவிர, எடுத்துவருவதற்கும் போவதற்கும் ஒரு வித்தியாசம் அந்த ஜனத்துக்கு இருந்தது. போகிறவர் தங்களை விட்டுப் போகிறார். அது இறையியல் கோபம் என்பதை விட வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்ப் பெரிய ஆளான கோபம். சாம் குக்குக்கு நடந்தது அநியாயம்தான், அதில் மறுபேச்சில்லை.

சுருதிப்பெட்டி

அந்தப் போக்குவரத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி 1972 ஜனவரி 13, 14 தான். லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் பகுதி, நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச். அரீதா அப்போது சோல் இசையின் ராணி, பாப் உலகத்தின் உச்சி. சர்ச்சுக்குத் திரும்பி வருகிறார், தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கொண்டுவந்த தன் வழக்கமான தாளக்காரர்களோடு. டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி, பேஸில் சக் ரெய்னி. பின்வரிசையில் மிக் ஜாக்கர் நின்று பார்க்கிறார். இத்தனையையும் ஒரு ஆராதனையாக மாற்றுகிற வேலை கிளீவ்லண்டுடையது. அந்த இரவுகளில் எடுத்த படத்தைப் பார்த்தால் தெரியும், ஆரம்பத்திலேயே சிரிக்கச் சிரிக்கப் பேசி ஜனத்தைத் தளர்த்துகிறார், இது பதிவு, கேமரா இருக்கிறது, ஆனாலும் இது சர்ச் என்பதை மறக்க வேண்டாம் என்று இதமாகச் சொல்லிவிடுகிறார். டார்சி மனைவி போன துக்கத்தில் எழுதின அந்தப் பாட்டையும் கேரோல் கிங்கின் நட்புப் பாட்டையும் ஒன்றாகக் கோத்துப் பாடுகிறார்கள், சந்தேகன் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது, பிடிக்கிறதோ இல்லையோ.

பழைய_ரெக்கார்ட்

படத்தின் கதை தெரியாதவர்களுக்காக: இயக்குநர் சிட்னி போலக் படம் பிடித்தார், ஆனால் கிளாப் கட்டை அடிக்காமலே எடுத்துத் தள்ளிவிட்டார்கள். படத்தையும் ஒலியையும் பொருத்த வழியில்லாமல் பல மணிநேரப் படச்சுருள் பெட்டியில் கிடந்தது. பிறகு தயாரிப்பாளர் ஆலன் எலியட் வாங்கிக் கணினியின் துணையோடு பொருத்தினார். அரீதா வழக்குப் போட்டுத் தடுத்தார். 2018-ல் அவர் மறைந்தபிறகுதான் வெளியே வந்தது. ஆல்பமோ 1972-லேயே வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

அதில் இரண்டு இடம் எனக்கு. ஒன்று, தலைப்புப் பாட்டை அரீதா இழுத்து இழுத்துப் பாடுகிறபோது கிளீவ்லண்ட் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறார். நிகழ்ச்சி நடத்துகிறவர், அடுத்து என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள், எல்லாம் விட்டுவிட்டு. அந்த நேரத்தில் கொயரைத் தாங்குவது டைரக்டர் அலெக்சாண்டர் ஹாமில்டன். இன்னொன்று, இரண்டாம் இரவு அரீதா பியானோவில் உட்கார்ந்து பாடும்போது அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் எழுந்து வந்து மகளின் முகத்து வேர்வையைத் துணியால் ஒற்றிவிடுகிறார், பாட்டு நிற்கவே இல்லை, அவர் பாட்டுக்குத் துடைத்துவிட்டுப் போகிறார்.

புதுக்காது

எல்லாரும் எழுதியதைப் படித்தேன், நன்றி. நான் இதுவரை காஸ்பெலே கேட்டதில்லை, மதநம்பிக்கையும் பெரிதாகக் கிடையாது. எங்கே ஆரம்பிப்பது?

கொயர்_ஆல்ட்டோ

‘பீஸ் பி ஸ்டில்’லில் ஆரம்பியுங்கள், நல்ல ஹெட்ஃபோனில். முதல் தடவை கிளீவ்லண்டைக் கேட்காதீர்கள், பின்னால் கொயரில் ஏதாவது ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதை மட்டும் பின்தொடருங்கள். ஆல்ட்டோவைப் பிடித்தால் சந்தோஷப்படுவேன். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைப் பாட்டு கேட்கவே கேட்காது.

அதற்கப்புறம் அரீதா ஆல்பம் முழுசாக. அதுவும் பிடித்தால் கிளீவ்லண்டின் ‘லைவ் அட் கார்னகி ஹால்’, 1977-க்கான கிராமி வாங்கினது. சர்ச்சை விட்டு அந்தப் பெரிய அரங்குக்குள் போயும் ஜனத்தைச் சர்ச் மாதிரியே கத்த வைக்கிறார்.

சுருதிப்பெட்டி

புதுக்காது கேட்டதற்கு ஆல்ட்டோ அக்கா சொன்னதுதான் என் பதிலும். இதற்கு முன்னால் சந்தேகன் கேட்ட ராயல்டி விஷயத்துக்கு என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அது முழுப் பதில் ஆகாது என்றும் தெரியும்.

கிளீவ்லண்ட் 1968-ல் காஸ்பெல் மியூசிக் ஒர்க்ஷாப் ஆஃப் அமெரிக்காவின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அதன் வேலை எளிமையானது. வருஷத்துக்கு ஒரு தடவை நாட்டின் ஏதாவது ஒரு ஊரில் ஒரு வாரம் கூடுவது. எந்தச் சபைக் கொயரில் நிற்கிறவரும் வரலாம். பகலில் வகுப்பு, குரல் பயிற்சி, ஆர்கன், கொயர் நடத்துவது, பாட்டு எழுதுவது. ராத்திரியில் பாட்டு. யாருக்கும் தெரியாத பாட்டு எழுதுபவர்கள் புதுப் பாட்டைக் கொண்டுவருவார்கள், ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து அதைப் படித்துப் பாடி ரெக்கார்டும் ஆகும். வந்தவர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் ஊருக்கு எடுத்துப்போய் அடுத்த ஞாயிறு சொல்லிக்கொடுப்பார்கள். ரேடியோ இல்லாமலே ஒரு பாட்டு நாடு முழுக்கப் போய்விடும். டார்சி முப்பதுகளில் தொடங்கின கொயர் மாநாட்டைப் பார்த்துப் பழகினதுதான், ஆனால் இவர் அதை வேறு அளவுக்குக் கொண்டுபோனார். ஜான் பி. கீ, கர்க் ஃபிராங்க்ளின் மாதிரி அடுத்த தலைமுறை ஆட்கள் வெளியே தெரிய வந்ததில் இந்த மேடைக்குப் பங்கு உண்டு. இன்றைக்கும் நடக்கிறது.

என் கட்சி இதனால்தான். நூறு ஆல்பம், நானூறு பாட்டு என்று கணக்குச் சொல்வார்கள். அதில் பாதியை நாளைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒர்க்ஷாப்பில் பாகம் பிரித்துக் கற்றுக்கொண்டு ஊருக்குப் போன ஆயிரக்கணக்கான கொயர் டைரக்டர்கள்தான் அவர் சம்பாதித்தது.

பழைய_ரெக்கார்ட்

பாதியை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதில் எனக்கு மனவருத்தம், பதிவு செய்து வைக்கிறேன். எழுபதுகளின் சேவாய் ரெக்கார்டுகளில் ஒரே அச்சில் வார்த்ததும் நிறைய உண்டு, அதை மறைக்கவில்லை. சேவாய் வருஷத்துக்கு இத்தனை என்று கறந்தது.

1981-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பேரில் நட்சத்திரம் பதித்தார்கள், காஸ்பெல்காரர் ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. கடைசி வருஷங்களில் மூச்சுக் கோளாறு, பாடவே முடியவில்லை. 1991 பிப்ரவரி 9-ல் இதயம் நின்றது, 59 வயது. அதற்குச் சில நாள் முன்னால் தன் சபையில் கடைசியாகப் பாடினார், குரல் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாராம்.

இறந்து பதினோராம் நாள் கிராமி விழா. கொயர் ஆல்பத்துக்கென்று அந்த வருஷம்தான் முதன்முதலில் தனிப் பிரிவு வைத்தார்கள். முதல் விருது ‘ஹேவிங் சர்ச்’ ஆல்பத்துக்கு, கிளீவ்லண்டும் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரும் சேர்ந்து பாடினது. சுருதிப்பெட்டி, உங்கள் கட்சிக்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

சந்தேகன்

அந்தப் பிரிவில் விருது யார் பேருக்குப் போயிற்று என்று பார்த்தீர்களா? கொயர் டைரக்டர் பேருக்கு. கொயருக்கு அட்டையில் பேர் மட்டும்தான்.

கொயர்_ஆல்ட்டோ

அது மட்டும் கிளீவ்லண்ட் தப்பு இல்லை சகோ. எந்தக் கொயரிலும் அப்படித்தான், மைக்கும் மாலையும் முன்னால் நிற்கிறவருக்கு. புதுக்காது, கேட்டுவிட்டு எந்தப் பாகத்தைப் பிடித்தீர்கள் என்று வந்து எழுதுங்கள்.